தராசில் வைத்துப் பாருங்கள்: முதல் பவர் பேங்க் வாங்குபவருக்கு ஒரு வழிகாட்டி

பவர் பேங்க் வாங்கப் போகிறவர் எதிர்பார்ப்பது இரண்டுதான். பையில் கனக்கக் கூடாது. சார்ஜ் நிறைய வர வேண்டும். இரண்டும் நியாயமான ஆசைகள். ஆனால் இரண்டுக்கும் ஒத்துப்போகாது. மின்சாரத்தைச் சேர்த்து வைப்பது உள்ளே இருக்கும் லித்தியம் செல். அதற்கு எடை உண்டு. கொள்ளளவு கூடினால் எடையும் கூடியே தீரும். எந்தக் கம்பெனியாலும் இதைத் தாண்ட முடியாது. பெட்டியின் மேல் எதை வேண்டுமானாலும் அச்சடிக்கலாம், தராசு அதைப் படிக்காது.

அதனால் "இருப்பதிலேயே பெரியது எது, இருப்பதிலேயே லேசானது எது" என்று தேடத் தொடங்காதீர்கள். "எனக்கு எவ்வளவு போதும்" என்பதில் தொடங்குங்கள். அது தெரிந்துவிட்டால், அந்த அளவுக்குள் லேசானதைப் பொறுக்குவது எளிது.

1. உங்கள் தேவையை அளந்துகொள்ளுங்கள்

போனின் செட்டிங்ஸில் பேட்டரி பகுதிக்குப் போனால் எந்த நேரத்தில் எவ்வளவு சார்ஜ் குறைந்தது என்று வரைபடமாகக் காட்டும். வீட்டில் இருக்கும் நாளைப் பார்த்துப் பயனில்லை. வெளியே சுற்றிய ஒரு நாளைப் பாருங்கள். மேப், கேமரா, ஹாட்ஸ்பாட், வெயிலில் முழு வெளிச்சத்தில் எரியும் திரை எல்லாம் சேர்ந்து போனைக் காலி செய்யும் நாள் அது. சிக்னல் சரியாகக் கிடைக்காத இடங்களில் போன் டவரைத் தேடிக்கொண்டே இருப்பதும் பேட்டரியைத் தின்னும். ரயிலிலும் மலைப்பாதையிலும் ஒன்றும் செய்யாமலே சார்ஜ் இறங்குவது இதனால்தான்.

அப்படி ஒரு நாளில் இரவு வீடு திரும்பும்போது பத்து, பதினைந்து சதவீதம் மிச்சம் இருக்கிறதா? உங்களுக்கு 5,000 எம்ஏஎச் பவர் பேங்கே தாராளம் (எம்ஏஎச் என்பது கொள்ளளவைச் சொல்லும் அளவு, விளக்கம் அடுத்த பகுதியில்). நூறு கிராம் சொச்சம்தான் இருக்கும், சட்டைப் பையிலேயே அடங்கும். மாலைக்குள் போன் அணைந்துவிடுகிறது, அல்லது இரண்டு நாள் பயணத்தில் நடுவில் பிளக் பாயின்ட் கிடைப்பது சந்தேகம் என்றால் 10,000. மூன்று நான்கு நாள் மின்சாரம் இல்லாத இடத்துக்குப் போகிறீர்கள், அல்லது இரண்டு மூன்று பேருக்கு ஒரே பவர் பேங்க் என்றால் 20,000. அதற்கு மேலே லேப்டாப் சார்ஜ் செய்கிறவர்களின் உலகம். அதைப் பற்றி இங்கே அதிகம் பேசப் போவதில்லை.

பெரும்பாலானவர்களுக்கு 10,000 போதும் என்பது என் கருத்து. "எதற்கும் இருக்கட்டும்" என்று 20,000 வாங்குபவர்களில் பலர் கனம் தாங்காமல் அதை வீட்டிலேயே வைத்துவிட்டுக் கிளம்புகிறார்கள். வீட்டில் கிடக்கும் 20,000-ஐவிடப் பையில் இருக்கும் 5,000 மேல்.

20,000 நிஜமாகவே தேவைப்படுகிறவர்களும், அதற்குப் பதிலாக இரண்டு 10,000 வாங்கலாமா என்று ஒருமுறை யோசித்துப் பாருங்கள். மொத்த எடை சற்றுக் கூடும். ஆனால் சாதாரண நாளில் ஒன்றை மட்டும் எடுத்துப் போகலாம். ஒன்று தொலைந்தாலோ பழுதானாலோ இன்னொன்று கையில் இருக்கும். இரண்டையும் ஒரே நேரத்தில் தனித்தனி சார்ஜரில் போட்டால் பாதி நேரத்தில் நிரம்பிவிடும்.

2. பெட்டியின் மேலுள்ள எண்ணைப் புரிந்துகொள்ளுங்கள்

புதிதாக வாங்குபவர்கள் அதிகம் குழம்புவது இங்கேதான். போனின் பேட்டரி 5,000 எம்ஏஎச், பவர் பேங்க் 10,000 எம்ஏஎச், ஆக இரண்டு முறை முழுசாக ஏற்றலாம் என்று கணக்குப் போடுவோம். ஏற்ற முடியாது. அதனாலேயே கம்பெனி ஏமாற்றிவிட்டது என்றும் சொல்ல முடியாது.

எம்ஏஎச் என்பது மில்லி ஆம்பியர் மணி. அதை மட்டும் சொல்வது, எத்தனை மூட்டை என்று சொல்லிவிட்டு மூட்டைக்கு எத்தனை கிலோ என்பதைச் சொல்லாமல் விடுவது மாதிரி. வோல்டையும் சேர்த்துச் சொன்னால்தான் உள்ளே எவ்வளவு ஆற்றல் இருக்கிறது என்று தெரியும். அந்த ஆற்றலின் அளவுதான் வாட் ஹவர். கணக்கு எளிது: எம்ஏஎச்சை ஆயிரத்தால் வகுத்து வோல்டால் பெருக்க வேண்டும். லித்தியம் செல்லின் சராசரி வோல்ட் 3.7. ஆகவே 10,000 எம்ஏஎச் என்றால் 37 வாட் ஹவர். 20,000 என்றால் 74.

இந்த 37 முழுவதும் போனுக்குப் போய்ச் சேராது. செல்லில் இருப்பது 3.7 வோல்ட். கேபிள் வழியே போவது 5 வோல்ட், அல்லது வேக சார்ஜ் என்றால் 9 வோல்ட். உள்ளே இருக்கும் சர்க்யூட் அதை ஏற்றித் தரும்போது ஒரு பகுதி சூடாகிப் போய்விடும். நல்ல பவர் பேங்கிலேயே பத்து முதல் பதினைந்து சதவீதம் இப்படிப் போகும். அப்புறம் போன் அந்த 5 அல்லது 9 வோல்டை மறுபடி இறக்கித் தன் பேட்டரிக்குள் ஏற்றும்போது இன்னும் கொஞ்சம் போகும்.

எண்களை வைத்தே பார்த்துவிடலாம். 37-இல் 15 சதவீதம் போனால் மிச்சம் 31 சொச்சம். போனுக்குள் நடக்கும் இழப்பையும் கழித்தால் ஏறக்குறைய 27, 28 வாட் ஹவர். 5,000 எம்ஏஎச் போன் பேட்டரியில் அடங்குவது 19 வாட் ஹவர் சொச்சம். ஆக, ஒரு 10,000 பவர் பேங்க் அந்தப் போனை ஏறக்குறைய 1.4 முறை நிரப்பும். திரையை எரியவிட்டுக்கொண்டே சார்ஜ் போட்டால் அதுவும் குறையும்.

நேர்மையான கம்பெனிகள் இதைத் தாங்களே பொடி எழுத்தில் அச்சடித்திருப்பார்கள். "ரேட்டட் கெபாசிட்டி" என்று ஒரு வரி இருக்கும். 10,000 எம்ஏஎச் பவர் பேங்கில் அந்த வரி 5 வோல்ட் கணக்கில் 6,000 எம்ஏஎச் சுற்றி ஒரு எண்ணைக் காட்டும். அதைப் பார்த்து அதிர்ச்சி அடைய வேண்டாம். அந்த வரி இருப்பது நல்ல அறிகுறி. முன்பக்கத்தில் பெரிய எண்ணைப் போட்டுவிட்டு வாட் ஹவரையும் ரேட்டட் கெபாசிட்டியையும் எங்குமே சொல்லாத பெட்டியைத் திரும்ப அலமாரியில் வைத்துவிடுங்கள். ஒரே விலையில் இரண்டு பவர் பேங்க் இருந்தால், முன்பக்க எண்ணை விட்டுவிட்டு ரேட்டட் கெபாசிட்டியை ஒப்பிடுங்கள்.

இன்னொன்று. செல்லின் வகையும் வோல்டை மாற்றும். லித்தியம் அயர்ன் பாஸ்பேட் செல் உள்ளவை இப்போது கிடைக்கின்றன. அவற்றின் வோல்ட் 3.2 தான். அதில் 10,000 எம்ஏஎச் என்றால் 32 வாட் ஹவரே வரும். இவை எளிதில் தீப்பிடிக்காதவை, ஆயிரக்கணக்கான முறை சார்ஜ் ஏற்றினாலும் தாங்குபவை. எடைதான் கூடுதல். சோடியம் அயான் பவர் பேங்குகளும் 2025-இல் விற்பனைக்கு வந்தன. ஜப்பானின் எலிகாம் கம்பெனி கொண்டுவந்த 9,000 எம்ஏஎச் மாடலின் எடை சுமார் 350 கிராம். நீண்ட ஆயுளும் பாதுகாப்பும் முக்கியம் என்பவர்கள் இந்த இரண்டு வகையையும் பார்க்கலாம். லேசாக வேண்டும் என்பவர்களுக்கு இவை சரிப்படாது.

3. எடையை வைத்து எண்ணைச் சோதியுங்கள்

இதற்கு எந்தக் கருவியும் வேண்டாம், ஒரு சமையலறைத் தராசு போதும். இணையத்தில் வாங்குவதானால் விவரப் பக்கத்தில் எடை போட்டிருக்கும்.

பவர் பேங்குக்குள் இருப்பது பொதுவாக இரண்டில் ஒரு வகை. ஒன்று உருளை வடிவச் செல். 18650 என்பது 18 மில்லிமீட்டர் குறுக்களவும் 65 மில்லிமீட்டர் நீளமும் உள்ளது. அதில் நல்லது ஒன்று 3,500 எம்ஏஎச் வரை தாங்கும், எடை 48 கிராம் அளவில் இருக்கும். 21700 என்பது சற்றுப் பெரியது. 5,000 எம்ஏஎச், 70 கிராம் அளவு. இன்னொரு வகை தட்டையான பாலிமர் செல். மெல்லிசான பவர் பேங்குகளில் இருப்பது இதுதான்.

மேலே சொன்ன எண்களை வகுத்துப் பாருங்கள். எந்த உருளைச் செல்லை எடுத்தாலும் ஆயிரம் எம்ஏஎச்சுக்குச் சுமார் 14 கிராம் வருகிறது. நல்ல பாலிமர் செல்லும் ஏறக்குறைய இதே கணக்குத்தான். இது வெறும் செல்லின் எடை. அதற்கு மேல் சர்க்யூட் பலகை, போர்ட், உறை எல்லாம் சேர வேண்டும். அதனால் கடைகளில் கிடைக்கும் நல்ல பவர் பேங்குகள் ஆயிரம் எம்ஏஎச்சுக்கு 18 முதல் 23 கிராம் வரை இருக்கின்றன. 10,000 எம்ஏஎச் என்றால் 180 முதல் 230 கிராம். 20,000 என்றால் 360-லிருந்து 460 கிராம். மலையேறுபவர்களிடையே பெயர் பெற்ற நைட்கோர் என்பி10000 கார்பன் ஃபைபர் உறை போட்டு 150 கிராமுக்கு இறங்கியது. ஆயிரத்துக்கு 15 கிராம். ஒவ்வொரு கிராமாகச் செதுக்கியும் அவர்களால் அவ்வளவுதான் குறைக்க முடிந்தது.

இதை மனதில் வைத்துக்கொண்டு ஒரு விளம்பரத்தைப் படியுங்கள். "50,000 எம்ஏஎச், அதி லேசானது, வெறும் 300 கிராம்" என்கிறது. ஆயிரத்துக்கு 6 கிராம்! அதற்கான செல் மட்டுமே 700 கிராம் வர வேண்டும். வேறு எதையும் படிக்க வேண்டாம், அடுத்ததுக்குப் போய்விடுங்கள். புது வகை சிலிக்கான் கார்பன் செல்கள் இந்தக் கணக்கைக் கொஞ்சம் கீழே இறக்கலாம். பாதியாக இறக்காது. ஆயிரத்துக்கு 13 கிராமுக்குக் கீழே யாராவது சொன்னால் சந்தேகப்படுங்கள்.

எடை சரியாக இருந்தால் பொருளும் சரியாக இருக்கும் என்று மட்டும் முடிவு கட்டிவிடாதீர்கள். போலிகளைப் பிரித்தால் உள்ளே ஒரு சின்ன செல்லும், கனத்துக்காகத் திணித்த மணலோ இரும்புத் துண்டோ இருந்த கதைகள் உண்டு. லேசாக இருந்தால் பொய் என்று சொல்லிவிடலாம். கனமாக இருந்தால் இன்னும் விசாரிக்க வேண்டும்.

ஒரே கொள்ளளவுள்ள இரண்டு நல்ல பவர் பேங்குகளுக்கு இடையே ஐம்பது கிராம் வித்தியாசம் எங்கிருந்து வருகிறது என்றும் பாருங்கள். கூடவே பிணைத்த கேபிள், சுவரில் நேராகச் செருகும் பிளக், பெரிய திரை, உலோக உறை, வயர்லெஸ் சுருள் என்று காரணம் இருக்கும். கேபிளை எப்போதும் மறந்துவிடுபவருக்கு, பிணைத்த கேபிள் எடைக்குத் தகுந்த வசதிதான். ஆனால் அந்தக் கேபிள் அறுந்தால் அதை மட்டும் மாற்ற முடியாது.

4. எவ்வளவு வேகமாகக் கொடுக்கும்?

வேகத்தைச் சொல்வது வாட். இங்கே போனையும் பவர் பேங்கையும் சேர்த்தே பார்க்க வேண்டும். போன் எவ்வளவு வாங்கும், பவர் பேங்க் எவ்வளவு கொடுக்கும், இரண்டில் எது குறைவோ அதுதான் நடக்கும். 25 வாட் வாங்கும் போனுக்கு 65 வாட் பவர் பேங்க் வாங்கினாலும் 25 தான்.

இரண்டும் ஒரே மொழி பேசவும் வேண்டும். இன்று எல்லோருக்கும் பொதுவான மொழி யுஎஸ்பி பவர் டெலிவரி. பெட்டியில் பிடி என்று போட்டிருப்பார்கள். அதன் நீட்சியான பிபிஎஸ், போன் கேட்கிற வோல்டை நுணுக்கமாக மாற்றி மாற்றிக் கொடுக்கும். சாம்சங் போன்களில் முழு வேகம் வர இது தேவை. ஐபோனுக்கு 20 வாட் பிடி இருந்தாலே அரை மணியில் பாதி நிரம்பிவிடும். 67, 80, 120 வாட் என்று விளம்பரப்படுத்தும் போன்கள் பல, தங்கள் சொந்த முறையில் மட்டுமே அந்த வேகத்தை எட்டும். வேறு கம்பெனி பவர் பேங்கில் போட்டால் அவை பெரும்பாலும் சாதாரண வேகத்துக்கு இறங்கிவிடும். வாங்கும் முன், "பிடி முறையில் எத்தனை வாட் வாங்கும்" என்று உங்கள் போன் மாடலின் பெயரைப் போட்டுத் தேடிப் பாருங்கள்.

பெட்டியில் 22.5 வாட் என்று பெரிதாக இருந்தால், அது எந்தப் போர்ட்டில், எந்த முறையில் என்று பாருங்கள். பலவற்றில் அந்த எண் பழைய அகலமான யுஎஸ்பி-ஏ போர்ட்டுக்கு உரியது. டைப்-சி வழியாகப் பிடி முறையில் 18 அல்லது 20 வாட்தான் வரும். அதே மாதிரி, இரண்டு போனை ஒரே நேரத்தில் மாட்டினால் வேகம் பிரியும். 15 வாட்டை இரண்டும் பங்கிட்டுக்கொள்ளும் நிலைக்கு இறங்கிவிடும் மாடல்கள் ஏராளம். இந்த விவரமெல்லாம் பவர் பேங்கின் முதுகில் எறும்பு மாதிரிப் பொடி எழுத்தில் இருக்கும். போன் கேமராவில் படம் எடுத்துப் பெரிதாக்கிப் படித்துவிடுங்கள்.

அவசரப்பட்டு அதிக வாட்டுக்குப் போகவும் வேண்டாம். எந்தப் போனும் உச்ச வேகத்தில் கடைசி வரை வாங்காது. பாதி நிரம்பியதும் மெல்ல மெல்லக் குறைத்துக்கொண்டே வரும். 20 வாட்டுக்கும் 30 வாட்டுக்கும் காகிதத்தில் இருக்கும் வித்தியாசம் கடிகாரத்தில் அவ்வளவு தெரியாது. போனுக்கு மட்டும் என்றால் 20 முதல் 30 வாட் பிடி தாராளம்.

5. அது நிரம்ப எவ்வளவு நேரம் ஆகும்?

இதைக் கேட்காமல் வாங்கிவிட்டுப் புலம்புபவர்கள் அதிகம். வெளியே கொடுக்கும் வேகத்தைப் பெரிதாக அச்சடிப்பவர்கள், உள்ளே வாங்கும் வேகத்தை ஓரத்தில் ஒளித்து வைத்திருப்பார்கள். "இன்புட்" என்ற வரியைத் தேடுங்கள். 5 வோல்ட், 2 ஆம்பியர் என்று மட்டும் இருந்தால் அது 10 வாட். 74 வாட் ஹவர் உள்ள 20,000 பவர் பேங்கை அதில் நிரப்ப, இழப்பையும் சேர்த்து எட்டு ஒன்பது மணி நேரம் ஆகும். இரவு தாமதமாக அறைக்கு வந்து காலையில் சீக்கிரம் கிளம்பும் பயணத்தில் அது நிரம்பவே நிரம்பாது. 18 வாட் இன்புட் என்றால் ஐந்து மணி நேரத்துக்குள் முடியும். 30 வாட் என்றால் மூன்று மணி நேரத்தை ஒட்டி.

பவர் பேங்கின் இன்புட் வேகமாக இருந்தாலும், வீட்டில் கிடக்கும் பழைய 10 வாட் சார்ஜரில் போட்டால் பயனில்லை. அந்த வேகத்துக்கு ஈடான சார்ஜர் உங்களிடம் இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

6. போர்ட்டும் கேபிளும்

சார்ஜ் ஏறுவதற்கும் இறங்குவதற்கும் ஒரே டைப்-சி போர்ட் உள்ளதை எடுங்கள். பழைய மைக்ரோ யுஎஸ்பி வழியாக மட்டும் நிரம்பும் மாடல்களை இனி வாங்க வேண்டாம். 2023-இல் ஐபோனும் டைப்-சிக்கு மாறிவிட்டது. ஐரோப்பிய ஒன்றியம் 2024 டிசம்பர் 28 முதல் புதிய போன்களுக்கு அதைக் கட்டாயமாக்கியது. ஒரே கேபிளில் எல்லாம் நடக்கும்போது, இன்னொரு கேபிளையும் சுமப்பானேன்?

கேபிள் நீளம் ஒரு சாண், இரண்டு சாண் இருந்தால் போதும். சாதாரண டைப்-சி கேபிள் 60 வாட் வரை தாங்கும், போனுக்கு அது ஏராளம். சாம்சங்கின் 45 வாட் வேகத்துக்கு மட்டும் 5 ஆம்பியர் கேபிள் வேண்டும். சார்ஜ் மெதுவாக ஏறினால் பவர் பேங்கைக் குறை சொல்லும் முன் கேபிளை மாற்றிப் பாருங்கள். பல நேரம் குற்றவாளி அதுதான்.

இயர்பட், ஸ்மார்ட் வாட்ச் போன்றவற்றையும் சார்ஜ் செய்வீர்கள் என்றால் "லோ கரன்ட் மோட்" இருக்கிறதா என்று பாருங்கள். அவை எடுக்கும் மின்சாரம் மிகவும் குறைவு என்பதால், எதுவும் மாட்டவில்லை என்று நினைத்துப் பவர் பேங்க் தானாக அணைந்துவிடும். அந்த மோடில் அணையாது.

7. மயக்கும் வசதிகள்

முதுகில் சோலார் பலகை ஒட்டிய பவர் பேங்கைப் பார்த்து மயங்காதவர்கள் குறைவு. கணக்குப் பார்த்தால் மயக்கம் தெளிந்துவிடும். உச்சி வெயிலில் ஒரு சதுர மீட்டரில் விழும் ஆற்றல் சுமார் 1,000 வாட். போன் அளவுப் பலகையின் பரப்பு அதில் நூறில் ஒரு பங்கு. நல்ல பலகை அதில் ஐந்தில் ஒரு பங்கை மின்சாரமாக மாற்றும். ஆக, மிஞ்சிப் போனால் 2 வாட். 20,000 எம்ஏஎச் நிரம்ப, இழப்பே இல்லை என்று வைத்துக்கொண்டாலும் 37 மணி நேர உச்சி வெயில் வேண்டும். நிஜத்தில் ஒரு வாரத்துக்கு மேல் ஆகும். அந்த வெயிலில் பேட்டரியும் சேர்ந்து வேகும், அது பேட்டரிக்கு ஆகாது. சோலார் நிஜமாகவே தேவைப்படுபவர்கள் மடித்து விரிக்கும் தனிப் பலகை வாங்கி, பவர் பேங்கை நிழலில் வைத்துச் சார்ஜ் செய்வதே சரி.

போனின் முதுகில் காந்தமாக ஒட்டிக்கொள்ளும் வயர்லெஸ் வகை வசதியானதுதான், மறுக்கவில்லை. கேபிள் தொங்காமல் நடந்துகொண்டே பேசலாம். ஆனால் கேபிளில் போவதைவிட ஆற்றல் கணிசமாக வீணாகும், போனும் பவர் பேங்கும் சூடாகும். எடைக்கு அதிகபட்ச சார்ஜ் வேண்டும் என்று தேடுகிறவர் வயர்லெஸ் பக்கம் போவது தனக்குத்தானே முரண்படுவது.

சதவீதம் காட்டும் சின்னத் திரை நல்லது. நான்கு விளக்குகள் மட்டும் இருந்தால், ஒரே ஒரு விளக்கு எரியும்போது மிச்சம் 24 சதவீதமா 3 சதவீதமா என்று தெரியாது. டார்ச் விளக்கு போனிலேயே இருக்கிறது.

8. பாதுகாப்பும் விமானமும்

லித்தியம் செல் உள்ளுக்குள் ஷார்ட் ஆனால் தன்னைத்தானே சூடாக்கிக்கொண்டு எரியும். அணைத்தாலும் மறுபடி பற்றிக்கொள்ளும். அதனால் பெயர் தெரியாத கம்பெனியின் மலிவுப் பொருளில் கை வைக்காதீர்கள். செல்லுக்கான ஐஇசி 62133, பவர் பேங்குக்கான யுஎல் 2056, சரக்காக அனுப்புவதற்கான யுஎன் 38.3 ஆகியவை கவனிக்க வேண்டிய சோதனைகள். அவற்றோடு உங்கள் நாட்டின் கட்டாய முத்திரையும் இருக்க வேண்டும்.

பெரிய பெயர் மட்டுமே காப்பாற்றாது. 2025 ஜூனில் ஆங்கர் கம்பெனி பவர்கோர் 10000 மாடலில் 11 லட்சத்துக்கும் மேற்பட்டவற்றைத் தீ அபாயம் காரணமாக அமெரிக்காவில் திரும்பப் பெற்றது. ஆகவே வாங்கிய பிறகு மாடல் எண்ணையும் சீரியல் எண்ணையும் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். திரும்பப் பெறும் அறிவிப்பு வந்தால் உங்களுடையது அதில் இருக்கிறதா என்று உடனே பார்க்கலாம். பழைய பவர் பேங்கை யாராவது கொடுத்தாலும் முதலில் இதைச் செய்யுங்கள்.

விமானப் பயணம் உண்டு என்றால் 100 வாட் ஹவர் என்ற எல்லையை நினைவில் வையுங்கள். அதற்குள் இருந்தால் பொதுவாகத் தனி அனுமதி தேவையில்லை. 100 முதல் 160 வரை விமான நிறுவனத்தின் அனுமதி வேண்டும். அதற்கு மேல் கூடாது. 27,000 எம்ஏஎச் என்பது 99.9 வாட் ஹவர்; 26,800, 27,000 என்று விசித்திரமான எண்களில் பவர் பேங்குகள் வருவது இதனால்தான். 30,000 என்றால் 111 ஆகிவிடும். செக்-இன் பெட்டியில் எந்த அளவும் வைக்கக் கூடாது, கைப்பையில்தான். வாட் ஹவர் அச்சடிக்காத, அல்லது எழுத்து அழிந்துபோன பவர் பேங்கைச் சோதனையில் பிடுங்கி வைத்துக்கொள்ளலாம்.

2025 ஜனவரியில் தென் கொரியாவின் கிம்ஹே விமான நிலையத்தில் ஒரு விமானம் எரிந்தது. பவர் பேங்க் காரணமாக இருக்கலாம் என்று சந்தேகம் எழுந்தது. அதன் பின் விதிகள் வேகமாக இறுகின. மார்ச் 1 முதல் தென் கொரிய விமானங்களில் தலைக்கு மேலுள்ள பெட்டியில் பவர் பேங்க் வைக்கத் தடை. சிங்கப்பூர் ஏர்லைன்ஸ் ஏப்ரல் 1 முதல் பயணத்தின்போது அதைப் பயன்படுத்துவதையே நிறுத்தியது. எமிரேட்ஸ் அக்டோபர் 1 முதல் அதையே செய்ததோடு, ஒருவருக்கு ஒன்றுதான் என்றும் சொன்னது. சீனாவின் உள்நாட்டு விமானங்களில் ஜூன் 28 முதல் 3சி என்ற, அந்நாட்டின் கட்டாயப் பாதுகாப்பு முத்திரை இல்லாத பவர் பேங்கை ஏற்றுவதில்லை. முன்னே சொன்ன "இரண்டு 10,000" யோசனை இங்கே இடிக்கும் என்பதையும் கவனியுங்கள். கிளம்பும் முன் உங்கள் விமான நிறுவனத்தின் அன்றைய விதியைப் படித்துவிடுங்கள்.

9. வாங்கிய வாரமே சோதித்துவிடுங்கள்

திருப்பிக் கொடுக்கும் காலம் முடிவதற்குள் இதைச் செய்ய வேண்டும். பவர் பேங்கை முழுசாக நிரப்புங்கள். போனின் சார்ஜ் குறைந்திருக்கும்போது ஏர்பிளேன் மோடில் போட்டு மாட்டுங்கள். 20-லிருந்து 90 வரை ஏறியது என்றால் 70 என்று எழுதிக்கொள்ளுங்கள். போனைப் பயன்படுத்தி இறங்கவிட்டு மறுபடி மாட்டுங்கள். பவர் பேங்க் காலியாகும் வரை இப்படிச் செய்து எல்லாவற்றையும் கூட்டுங்கள். 5,000 எம்ஏஎச் பேட்டரி உள்ள, அதிகம் பழசாகாத போனில் ஒரு 10,000 பவர் பேங்க் மொத்தம் 130, 140 சதவீதம் கொடுத்தால் சரி. 100-ஐத் தொடவில்லை என்றால் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். கணக்கில் ஆர்வம் உள்ளவர்கள் சின்ன யுஎஸ்பி மீட்டர் ஒன்றை நடுவில் மாட்டினால் எத்தனை வாட் ஹவர் வெளியே வந்தது என்று அதுவே காட்டும்.

சோதிக்கும்போதே கையால் தொட்டுப் பாருங்கள். வேக சார்ஜில் வெதுவெதுப்பாக இருப்பது இயல்பு. கை வைக்க முடியாத அளவு சுட்டால் இயல்பல்ல.

அதன் பிறகு பராமரிப்பு என்று பெரிதாக ஒன்றும் இல்லை. வெயிலில் நிறுத்திய காருக்குள் விடாதீர்கள். உள்ளே 60 டிகிரியைத் தாண்டலாம். தலையணைக்கு அடியில் வைத்துச் சார்ஜ் போடாதீர்கள். பனி உறையும் குளிரில் பவர் பேங்கைச் சார்ஜ் ஏற்றக் கூடாது, உள்ளே லித்தியம் படிந்து செல் கெடும். அறைக்குள் கொண்டுவந்து குளிர் விட்ட பிறகு ஏற்றுங்கள். பல மாதம் தொடப் போவதில்லை என்றால் பாதி சார்ஜில் வைத்து, மூன்று மாதத்துக்கு ஒருமுறை எடுத்துப் பாருங்கள். முழுசாக நிரப்பியோ முழுசாகக் காலி செய்தோ மூலையில் போட்டால் சீக்கிரம் கிழடாகிவிடும். சாதாரண லித்தியம் அயான் வகை 300 முதல் 500 முறை முழுசாக ஏற்றி இறக்கிய பிறகு பழைய கொள்ளளவில் ஐந்தில் ஒரு பங்கை இழந்திருக்கும். அது பழுதல்ல, வயது.

உறை உப்பி நடுவில் மேடு தெரிந்தால், கீழே விழுந்து நசுங்கியிருந்தால், ஒரு மாதிரி இனிப்பான ரசாயன வாடை வந்தால் அன்றோடு நிறுத்திவிட வேண்டும். அமுக்கியோ குத்தியோ பார்க்காதீர்கள், காலி செய்யலாம் என்று போனில் மாட்டாதீர்கள். போர்ட்டின் மேல் டேப் ஒட்டி, எளிதில் தீப்பற்றும் பொருள் அருகில் இல்லாத இடத்தில் வைத்துவிட்டு, மின்கழிவு வாங்கும் மையத்தில் "இது உப்பிப் போன பேட்டரி" என்று சொல்லியே கொடுங்கள். குப்பைத் தொட்டியில் போட்டால், குப்பை லாரி அமுக்கும்போது அங்கே பற்றிக்கொள்ளும்.